எண்பத்துமூன்று துண்டுகள்

ஸ்பீக்கர் கதைக்கு அரங்கம் சிரித்தபோது மங்கையர்க்கரசியும் சிரித்தாள். முன்வரிசையில் இருக்கிறவள் சிரிக்காவிட்டால் நன்றாக இருக்காது என்பது ஒரு பக்கம். முப்பத்தாறு வருஷமாக அந்த இடத்தில் சிரித்துச் சிரித்து, அந்த வரி வந்தாலே வாய் தன்னால் திறந்துகொள்கிறது என்பது இன்னொரு பக்கம். மேடையில் அவள் கணவர் சிவசைலம், தோளில் பொன்னாடை, கையில் மைக். "புரோகிராம் பதிஞ்சிருந்த ரெண்டு டேப்பையும் வீட்டம்மா கொண்டுபோய் ஸ்பீக்கர் மேல வச்சுட்டாங்க. ஸ்பீக்கருக்குள்ள காந்தம்! ரெண்டு வருஷ உழைப்பு ஒரே நாள்ல சுத்தமா அழிஞ்சுபோச்சு. அப்புறம் நான் உக்காந்தேன் பாருங்க, நாப்பது நாள். முழுசா மறுபடி எழுதினேன். அதுவும் பாதி நீளத்துல." கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரி அரங்கம், சனிக்கிழமை காலை பதினொரு மணி, பழைய ஜப்பான் கம்ப்யூட்டர்களின் கண்காட்சி. இரண்டு மேஜை நிறையப் பெட்டிகள். சிவப்பு, கறுப்பு, வெள்ளி, ஒவ்வொன்றிலும் ஒரு கம்பெனிப் பெயர், ஆனால் எம்எஸ்எக்ஸ் என்ற மூன்றெழுத்து மட்டும் எல்லாவற்றிலும். ஒரு வீட்டில் பிறந்து நாலு ஊரில் வாக்கப்பட்ட அக்கா தங்கைகள் மாதிரி, வெளித்தோற்றம் எப்படி இருந்தாலும் உள்ளே பேச்சு ஒன்றுதான். ஒன்றில் எழுதியதை இன்னொன்று படிக்கும். இத்தனையையும் சேர்த்து வைத்திருப்பவர் நெல்சன், காந்திபுரத்தில் செல்போன் ரிப்பேர் கடை, நாற்பது வயசு. அவர் மேடையேறி, "சாருக்கே தெரியாத ஒண்ணு இருக்குதுங்க" என்று ஒரு கேசட்டைத் தூக்கிக் காட்டினார். போன மாசம் வீடு மாறும்போது சார் கொடுத்த அட்டைப்பெட்டியில் அடியிலே கிடந்ததாம். சுத்தம் பண்ணியாகிவிட்டதாம். சார் குவைத்தில் எழுதின தமிழ்க் கடித புரோகிராம், இப்போது இங்கேயே லோடு பண்ணிக் காட்டப்போகிறாராம். சிவசைலத்தின் முகம் மாறியதை மங்கை பார்த்தாள், சந்தோஷம் என்றுதான் எடுத்துக்கொண்டாள். "விடுங்க நெல்சன், அது லோடு ஆகாது. எதுக்கு இவங்க நேரத்தை வீணடிக்கிறது?" என்றார். அடக்கம் என்று நினைத்தாள். நெல்சன் சத்தம் கூட்டத்துக்கும் கேட்கட்டும் என்று பெரிய ஸ்பீக்கருக்கு ஒரு ஒயரை இழுத்துவிட்டு, டேப் ரெக்கார்டரின் பட்டனை அழுத்தினார்.

பீ என்று நீளமாக ஒரு சத்தம். அந்தச் சத்தம் காதுக்குள் போனதும் குவைத்தில் அவர்கள் இருந்த பஹாஹீல் ஃபிளாட்டின் சாப்பாட்டு மேஜை வந்துவிட்டது, பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் வெள்ளி நிறத்தில் அந்தப் பெட்டி, டிவியில் நீலத் திரை, அதில் வெள்ளை எழுத்தில் இருபத்தெட்டாயிரத்து எண்ணூற்றுப் பதினைந்து பைட் மிச்சம் என்ற வரி. எம்.எஸ்ஸி. கணக்கு படித்தவள், கணவன் விசாவில் வந்தவள், வேலைக்குப் போகக்கூடாது; அவர் காலை ஆறரைக்கு கம்பெனி வண்டி ஏறினால் மாலை ஐந்து வரைக்கும் அவளுக்கு அந்த இருபத்தெட்டாயிரம் பைட்தான் துணை. இங்கே திரையில் கோப்பின் பெயர் வந்தது, ஆறு ஆங்கில எழுத்தில் சைலம் என்று. ஆறு எழுத்துக்கு மேல் அந்தப் பெட்டி பெயர் வைக்க விடாது, மங்கையர்க்கரசி எங்கே அடங்கப் போகிறாள். மங்கை என்று வைத்தால் சரியாக ஆறுதான், வைக்க ஆள் வேண்டுமே. இப்படி நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொண்டபோதுதான் அந்தச் சத்தம் அறுந்தது. கர்ர்ர் என்று இரண்டு நொடி, ஒரு குட்டிப் பீ, மறுபடி கர்ர்ர், மறுபடி பீ. விட்டு விட்டு. துண்டு துண்டாக. இது அவர் சேமிக்கிற விதம் இல்லையே. அவர் அவசரக்காரர், ஒரே மூச்சில் பதிகிற கட்டளையைத்தான் போடுவார், அது இடைவெளியே இல்லாமல் மழை மாதிரி கொட்டும். விட்டு விட்டு வருவது வெறும் எழுத்தாகச் சேமிக்கிற முறை, நேரம் பிடிக்கும், ஆனால் ஒரு புரோகிராமை இன்னொன்றோடு ஒட்ட வேண்டுமென்றால் அதுதான் வழி. அவள்தான் அப்படிப் பதிவாள். "இதுக்குள்ள நான் ஒரு டீ குடிச்சுட்டு வந்துருவேன்" என்று அவர் கேலி செய்வார். சரி, அதனாலென்ன. இந்த புரோகிராமை அவரிடம் வாங்கின கம்பெனிக்காரன் எழுத்து வடிவில் கேட்டிருப்பான். பெட்டியில் செருகும் கார்ட்ரிட்ஜாக விற்க, அதில் ஏற்றுவதற்கு அப்படித்தான் வேண்டியிருந்திருக்கும். அப்படித்தான் இருக்கும். மடியில் கைப்பை, அதற்குள் அவருடைய ரத்த அழுத்த மாத்திரை, சுடுதண்ணீர் பாட்டில். கைப்பையின் மேல் அவள் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு நகர்ந்துகொண்டிருந்தது. பதினொன்று. பன்னிரண்டு. எப்போது எண்ணத் தொடங்கினோம் என்றே தெரியவில்லை.

எண்ணுவது அந்தக் காலத்துப் பழக்கம். அவர்கள் ரெக்கார்டரில் எண் காட்டும் சக்கரம் உடைந்திருந்தது, புரோகிராம் முழுசாக வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள அவளுக்கிருந்த ஒரே வழி துண்டுகளை எண்ணுவதுதான். விளையாட்டு புரோகிராம் பத்தொன்பது. வீட்டுச் சாமான் பட்டியல் ஏழு. அவள் முதலில் எழுதிய கடித புரோகிராம் எண்பத்துமூன்று. அந்த எண்ணை அவள் மறப்பதற்கு வழியே இல்லை. எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டத்துக்குள் ஒரு எழுத்து என்பது ஜப்பான்காரன் வகுத்த சட்டம், ஆங்கிலம் சமத்தாக உட்கார்ந்துகொள்ளும், நம்முடைய ணகரத்தை எங்கே உட்கார வைப்பது. அதற்கு இரண்டு கட்டம் கொடுத்து, இரண்டும் திரையில் பிரியாமல் பக்கத்துப் பக்கத்தில் நிற்க ஒரு கணக்குப் போட்டு, அந்தக் கணக்குக்கே ஒரு ரமலான் மாசம் முழுக்கப் போனது. வரைபடத்தாளில் பென்சிலால் நிரப்பி நிரப்பி அழித்தாள். முதல் கடிதம் அச்சாகி வந்ததும் திருச்சியிலிருந்த அப்பாவுக்கு அனுப்பினாள், அவர் பதில் போட்டார்: மகளே, உன் கையெழுத்து என்ன இப்படிப் புள்ளி புள்ளியாகிவிட்டது, உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அதைப் படித்துவிட்டு இருவரும் சிரித்த சிரிப்பு. இருபத்தொன்பது. அப்போது அவர் அவளைத் தூக்கிச் சுற்றினார், பெருமையாகத்தான் சொன்னார், "நீ லேசுப்பட்ட ஆளில்ல மங்கை." அந்த மனுஷனா. முப்பது. ச்சே, என்ன நினைக்கிறோம், ஒரு பழைய டேப் சத்தத்தை வைத்துக்கொண்டு தாலி கட்டினவரைப் போய். நாற்பது நாள் கண்ணெதிரே உட்கார்ந்து தட்டவில்லையா அவர்? தட்டினார். அவள் உள்ளறையில் படுத்திருந்தாள், மசக்கை, மூன்றாம் மாசம், சோற்று வாசனைகூட ஆகாது. கீபோர்டுச் சத்தம் கேட்டது. என்ன தட்டினார் என்று எழுந்துபோய்ப் பார்க்கவில்லை. பார்க்க முகம் இல்லை. அவர் உழைப்பை, அவர் உழைப்பையா, தன் உழைப்பைத்தான், தானே நாசமாக்கிவிட்டு எந்த முகத்தோடு போய் எட்டிப்பார்ப்பது?

நாற்பது வந்தது. பாதி நீளம் என்று சற்று முன்னால்தான் மைக்கில் சொன்னார், எத்தனையோ வருஷமாகச் சொல்கிறார். எண்பத்துமூன்றில் பாதி நாற்பத்தொன்றரை. இங்கேயே நின்றுவிடு. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டில் நின்றால் போதும், போகும்போது அன்னபூர்ணா ஹோட்டலில் இறங்கி அவருக்குப் பிடித்த ரோஸ்ட் வாங்கித் தந்து, என் புத்தி போன போக்கைப் பாருங்கள் என்று மனசுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். நாற்பத்துமூன்று. நாற்பத்துநான்கு. மன்னிப்பு. அந்த வார்த்தைதான் அவளைப் பிடித்து நிறுத்தியது. அவர் அன்றைக்குத் திட்டவில்லை, அதுதான் பெரிய விஷயம். வேறொருத்தனாக இருந்தால் கை நீட்டியிருப்பான் என்று அவளே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள். தலையைத் தடவி, "பரவால்ல விடு, வேணும்னா செஞ்சே?" என்றார். அந்தத் தடவலுக்கு அவள் கொடுத்தது கொஞ்சமா? மறுபடி அந்தக் கீபோர்டைத் தொடவில்லை, தொட்டால் எதையாவது கெடுத்துவிடுவோம் என்ற பயம். ஊருக்குத் திரும்பியபின் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராகக் கூப்பிட்டார்கள், எனக்கு அதெல்லாம் ராசியில்லை என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் அந்தக் கார்ட்ரிட்ஜைக் காட்டி அந்தப் பெட்டிகளை விற்ற கம்பெனியில் சாஃப்ட்வேர் மேனேஜராகி, இங்கே வந்து இன்னும் மேலே போய், அவள் டிபன் பாக்ஸ் மூடியைத் தேடினால் "ஸ்பீக்கர் மேல வச்சியா?" என்பார். சாவி காணவில்லையென்றால் ஸ்பீக்கர். கேஸ் புக் காணவில்லையென்றால் ஸ்பீக்கர். மகள் சுடர் பேசப் பழகும்போதே அதைக் கற்றுக்கொண்டாள், இப்போது ஓசூரிலிருந்து போன் பண்ணினாலும், கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றால், "ஸ்பீக்கர் மேல பாரும்மா" என்கிறாள். வீட்டில் ஸ்பீக்கரே இல்லாமல் இருபது வருஷம் ஆகிறது. ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு.

அந்த நாளை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். பச்சை நைட்டி போட்ட ஒருத்தி மேஜையைத் துடைக்கிறாள், இரண்டு கேசட்டையும் எடுக்கிறாள், டிவி பக்கத்திலிருந்த ஸ்பீக்கர் பெட்டி மேல் வைக்கிறாள், திரும்பி உள்ளே போகிறாள். பின்னல், பின்னலின் நுனியில் கறுப்பு ரப்பர் பேண்ட், முதுகில் வியர்வை. முதுகு. என் முதுகை நான் எப்படிப் பார்த்தேன்? தன் முதுகைத் தானே பார்த்தவள் உலகத்தில் உண்டா? வைத்தது ஞாபகம் இருக்கிறது என்றுதானே இத்தனை காலம் நினைத்தாள், கேசட்டின் கனம்கூட உள்ளங்கையில் இருந்ததே. அது அவர் சொல்லச் சொல்ல ஊறிய கனம். அவர் பின்னால் உட்கார்ந்து பார்த்த மாதிரி சொன்ன கதை, அவள் அவர் நாற்காலியிலிருந்தே தன்னைப் பார்த்துக் குற்றவாளி என்று ஒப்புக்கொண்டிருக்கிறாள். அறுபத்துமூன்று. மேடையில் சிவசைலம் எழுந்தார். மேஜையைச் சுற்றி வந்தார், கம்ப்யூட்டரைப் பார்ப்பவர் போல் குனிந்தார், அவர் கை டேப் ரெக்கார்டரின் ஒலிக் குமிழுக்குப் போனது. "ஐயோ சார், அதத் தொடாதீங்க, எரர் ஆயிடுங்க!" என்று நெல்சன் பதறிக் கையைப் பிடித்துவிட்டார். "சத்தம் ஜாஸ்தியா இருக்கேன்னு பார்த்தேன்" என்றார் சிவசைலம். கூட்டம் சிரித்தது. மங்கை சிரிக்கவில்லை. குமிழ். ஏழில் இருக்க வேண்டும். கொஞ்சம் இறக்கினால் போதும், நல்ல டேப்பையும் படிக்காமல் பெட்டி டிவைஸ் எரர் என்று பல்லைக் காட்டும், அது அந்தப் பெட்டியோடு பழகின சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதற்காகவே அவள் ஏழுக்கு நேரே நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருந்தாள். அன்றைக்கு அவர் ரெக்கார்டரை மறைத்துக்கொண்டு உட்கார்ந்து, "வா, நீயே வந்து பாரு" என்றார். திரையில் எரர். அடுத்த டேப், அதுவும் எரர். குமிழ் எங்கே இருந்தது என்று பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை, குமட்டிக்கொண்டு வந்தது, வாஷ்பேசினுக்கு ஓடினாள். வாய் கொப்பளித்துவிட்டு வந்தபோது டேப் இரண்டும் மேஜையில் இல்லை. "நானே குப்பையில போட்டுட்டேன், உன் கண்ணுல படவேணாம்னு." எவ்வளவு அன்பு என்று அழுதாள்.

எழுபது. எழுபத்தொன்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், இவர் சோற்றையும் அவள் கையாலேயே போட வைத்திருக்கிறார். கேட்டிருக்கலாமே. மங்கை, எனக்கு அந்த வேலை வேண்டும், உன் புரோகிராமை என் பேரில் கொடுக்கட்டுமா என்று ஒரு வார்த்தை. கொடுங்களேன், இதுக்குப் போய் என்னங்க கேட்டுக்கிட்டு என்றுதான் சொல்லியிருப்பாள், சத்தியமாகச் சொல்லியிருப்பாள், அதுதான் இப்போது உறுத்துகிறது. இல்லை, கேட்டிருந்தால் அவர் அவளுக்கு நன்றிக்கடன் பட்டிருக்க வேண்டும், ஆயுசு முழுக்க. இப்படிச் செய்ததில் அந்தக் கடன் அவள் தலையில் வந்து உட்கார்ந்தது. கணக்குப் படித்தவள் அவள். கணக்குப் போட்டவர் அவர். எழுபத்தெட்டு. இன்னும் தெரியாதே, இன்னும் நிச்சயம் இல்லையே, தொண்ணூறு போகட்டும், நூறு போகட்டும், பாதி நீளம் என்று பெருமைக்குப் பொய் சொன்னார் என்று ஆகட்டும், பெருமைக்குப் பொய் சொல்லாத ஆம்பளை யார், அதைப் பொறுத்துக்கொள்ளலாம், அதோடு குடித்தனம் நடத்தலாம், அறுபத்துநாலு வயசில் வேறென்ன செய்வது. எண்பது. பக்கத்து நாற்காலிப் பெண் "ரொம்ப நேரம் ஆகுதுல்ல ஆன்ட்டி" என்றாள், மங்கை ஆமாம் என்று தலையாட்டினாள். எண்பத்தொன்று. முருகா. எண்பத்திரண்டு. கட்டைவிரல் கணுவில் அழுந்தி வெளுத்திருந்தது. எண்பத்துமூன்று, கர்ர்ர் என்று இரண்டு நொடி, முடிந்தது. பிறகு பீ. குட்டிப் பீ. இன்னும் இருக்கிறது! எண்பத்துநான்கு! மங்கையின் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இது என்னுடையது இல்லை. அவர் எழுதியதுதான். கிழட்டு மூளை, சந்தேகப் பிறவி, இந்த நல்ல மனுஷனை ஐந்து நிமிஷத்தில் கொலைகாரனாக்கிப் பார்த்துவிட்டாயே.

எண்பத்துநான்கோடு சத்தம் நின்றது. திரையில் ஓகே என்று வந்தது, நெல்சன் ஓடவிடும் கட்டளையைத் தட்டினார். நீலத் திரை கறுத்தது. பூவேலை போட்ட ஒரு கட்டம் ஓரத்திலிருந்து ஓரமாக வரைந்துகொண்டு வந்தது, அதற்குள் ஆக்கம் என்று ஒரு வார்த்தை, அதன் கீழே சி. சிவசைலம் என்ற பெயர், மினுக் மினுக்கென்று. அரங்கம் கைதட்டியது. பெயர் மறைந்தது. அடுத்து வந்த திரையில், மேலே வலது மூலையில் ஒரு தபால்பெட்டி, அதன் வாய்க்குள் பாதி போன உறை, கீழே "யாருக்கு எழுதப் போகிறீர்கள்?" என்ற கேள்வி, ணகரமே இல்லாத வரியாகப் பார்த்து அவள் முதல் திரைக்கு எழுதிய கேள்வி. அவள் தபால்பெட்டி. அவள் உறை. மங்கைக்கு அழுகை வரவில்லை. கணக்கு மட்டும் தெளிவாக வந்தது, வாய்ப்பாடு போல. பூவேலைக் கட்டம், ஆக்கம், பெயர், மினுக்கல்: பதினைந்து வரி இருக்கும், ஒரு துண்டுக்குச் சரியாக இருக்கும். எண்பத்துமூன்று அவளுடையது. அந்த ஒன்றுக்குத்தான் நாற்பது நாள் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.

நெல்சன் முகமெல்லாம் சிரிப்பாக மைக்கை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தார். "மேடம், ஸ்பீக்கர் மேல வச்ச பாவத்துக்கு நீங்களும் ரெண்டு வார்த்தை பேசணுங்க." மறுபடி சிரிப்பு. மங்கை எழுந்தாள். கைப்பை மடியிலிருந்து நழுவியது, எடுக்கவில்லை. மைக்கை வாங்கிக்கொண்டாள். பேசுவதற்கு நிறைய இருந்தது, ணகரத்தின் இரண்டு கட்டங்கள் பற்றி, துண்டுகள் பற்றி, குமிழ் பற்றி. இந்தப் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள், இவர்களுக்குத்தான் அது புரியும். ஆனால் பேர் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பேரை அவரே வைத்துக்கொள்ளட்டும். அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை, மேடையில் பொன்னாடையோடு நின்றவரை மட்டும் பார்த்தாள். அவர் வேண்டாம் என்பது போல் மெல்லத் தலையசைத்தார். வீட்டில் விருந்தாளி முன்னால் அவள் எதையாவது சொல்ல வாயெடுத்தால் அசைப்பாரே, அதே அசைப்பு. அரங்கம் சிரிப்பதற்குத் தயாராகக் காத்திருந்தது.

"நான் அழிக்கலைங்க" என்றாள்.